கொண்டக்டரின் அரைப் புள்ளி

புதிதாக நடுவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளே,

என் அனுபவத்திலிருந்து உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விதிப்புத்தகத்தை நீங்கள் என்னைவிட அண்மையில் படித்திருக்கிறீர்கள். யாருக்கு யார் என்று சோடி போடக் கணினி இருக்கிறது. மணிக்கூட்டைச் சரிபார்ப்பது பற்றி நான் எழுதினால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, கற்பிட்டியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு கோட்டை தலைகீழாக நின்ற கதையைச் சொல்கிறேன். அன்று சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடுவர் சிரிக்கக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் மட்டும் சிரிக்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தளம் தில்லையடியில் வீடு. கிழமை நாட்களில் கணக்கு டீச்சர், சனி ஞாயிறுகளில் சதுரங்க நடுவர். இப்போது இரண்டிலுமே ஓய்வு. கோபக்காரி என்று எனக்கொரு பெயர் இருந்தது. பொய்ப் பெயர் என்று சொல்லமாட்டேன். கைத்தொலைபேசி மணி அடித்த ஒரு வங்கி முகாமையாளரை மண்டபத்துக்கு வெளியே அனுப்பியவள் நான். அவர் ஆட வந்தவரல்ல, பரிசு கொடுக்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கதைக்கு வருவோம். ஆகஸ்ட் மாதம் கற்பிட்டியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் அரைச்சுவர் வைத்த எங்கள் மண்டபம். முந்திய வருடப் போட்டியில் பிளாஸ்டிக் காய்கள் காற்றில் விழுந்து உருண்டு நாங்கள் பட்ட அவதி கொஞ்சமில்லை. ஒரு பிள்ளையின் குதிரை பக்கத்து மேசைக்கே பறந்துபோய், அங்கே யாரோ ஒருவருடைய ராசாவுக்குச் செக் வைத்தது. அவர் பாவம், ராசாவை நகர்த்தியும் விட்டார்.

இந்த முறை ஏற்பாட்டுக் குழுத் தலைவர் நியாஸ் ஹாஜியார் அதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தார். பாலாவிப் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர் அவர். எந்தச் சிக்கலை அவரிடம் கொண்டுபோனாலும் விடை உப்பாகத்தான் இருக்கும். காய்களின் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைக் கழற்றி, வெறுமையாயிருந்த உள்ளே உப்பை நிரப்பி, திரும்ப ஒட்டிவிட்டார். காலையில் காய்கள் அசையாமல் நின்றன. ஹாஜியார் மேசைக்கு மேசை போய் ஊதிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். மத்தியானம் ஆனதும் உப்பு ஈரத்தை இழுத்துப் பசை இளகி, துணிகள் ஒவ்வொன்றாய் உரிய ஆரம்பித்தன. காயைத் தூக்கினால் பலகையில் ஒரு சிட்டிகை உப்பு கிடக்கும். பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டு அடுத்த நகர்த்தலை யோசித்தார்கள்.

காய்கள் தப்பினாலும் கடதாசிகள் தப்பவில்லை. சோடி விபரம் எழுதிய தாள்கள் பறக்காமல் இருக்க, கைவசமிருந்த மேலதிக ராணிகளை என் மேசையில் அவற்றின் மேல் பாரமாக வைத்திருந்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒலிவாங்கியில் ஒரு அறிவித்தலும் கொடுத்தேன். உங்கள் காலாள் கடைசி வரிசையைத் தொட்டு, ராணி வேண்டுமென்றால், மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்துங்கள். ராணியை நான் கொண்டுவந்து தருவேன். கோட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு ராணி என்று சொல்லாதீர்கள், தலைகீழாக நின்றாலும் அது கோட்டைதான். எங்கள் கரையில் வீட்டுக்கொரு பலகைதான் இருக்கும். இரண்டாவது ராணிக்குக் கோட்டையைக் கவிழ்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. போட்டியில் அது செல்லாது.

இனி செபாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முழுப் பெயர் செபஸ்தியான். தலவிலக்காரர், புத்தளம் கற்பிட்டி பஸ்ஸில் கொண்டக்டர். சதுரங்கம் என்றால் உயிர். திறமை என்று கேட்டால், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், மருந்துக்கும் இல்லை. சிலாபத்தில் போட்டியா, குருநாகலில் போட்டியா, லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார். எல்லா ஆட்டத்திலும் தோற்பார். தோற்றபின் எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, எந்த இடத்தில் தன்னை மாட்டினார் என்று விளக்கமாகக் கேட்டு, மெய்யாகவே மகிழ்ந்துபோவார். அப்படி ஆசையோடு தோற்கிற மனுசனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்குக் கதிரையில் இருந்து ஆட வராது. வாழ்நாளெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்கள் அவை. மேசையோரம் ஒரு இடுப்பைச் சாய்த்து நின்றபடிதான் ஆடுவார். நகர்த்திய பிறகு மணிக்கூட்டை இரண்டு தரம் தட்டுவார். பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நிற்பது, இரண்டு தட்டு என்றால் போகலாம். அந்தக் கைக்கு வேறு விதமாகத் தட்டத் தெரியாது.

அவருடைய மனைவி அன்னம்மா அன்று மண்டபத்துக்கு வெளியே வேம்பின் கீழ் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல் அவருடைய கைச்சமையல்தான். சதுரங்கத்தில் அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது, ஆனால் தன் புருசன் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவது தெரியும். ஒருமுறை செபா குதூகலமாய் வந்து தனக்கு ஒரு புள்ளி கிடைத்ததென்று சொல்லியிருக்கிறார். யாரை வென்றீர்கள் என்று அன்னம்மா கேட்டார். ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்ததால் கடைசியில் நிற்பவருக்கு எதிராளி இல்லாமலே புள்ளி கொடுப்பார்கள் என்று செபா விளக்கினார். எதிரில் ஆளே இல்லாமல் வென்ற புள்ளியை அன்னம்மா ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்றைய போட்டிக்கு வருமுன் வீட்டில் பேச்சு முடிவாகியிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் அன்னம்மாவே, பார்சலை நீட்டியபடி. இந்த முறை உயிருள்ள ஆளிடமிருந்து அரைப் புள்ளியாவது எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் பலகை அலுமாரிக்கு மேலே போகும், சனிக்கிழமை இனி குடும்பத்துக்கு. செபாவும் தலவிலக் கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் பண்ணிவிட்டாராம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயில் திருநாளுக்கு விசேட பஸ்கள் ஓடுவதால் அவருக்கு வேலை. ஆகச் சனிக்கிழமை ஆட்டங்கள் மூன்றுதான் அவருக்கு மிச்சம். காலையில் இரண்டையும் தோற்றார். இரண்டாவது, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம். அந்தப் பிள்ளைக்கு அவர் தன் சோற்றுப் பார்சலிலிருந்து பொரித்த மீனை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சோடி பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கொழும்பிலிருந்து பிரணவன் என்றொரு இளம் ஆட்டக்காரர் வருவதாக ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வெளிநாடுகளில் ஆடிப் பட்டம் வாங்கியவர், அன்றைய போட்டியில் தரவரிசையில் முதல் ஆள். வரும் வழியில் பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் லொறிகளுக்கு நடுவே அவருடைய வேன் படுத்துவிட்டது. தொலைபேசியில் அறிவித்துவிட்டு அங்கேயே நின்று, காலை ஆட்டங்கள் இரண்டையும் இழந்து, மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். எங்கள் முறையில் ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை மோதவிடுவது வழக்கம். பிரணவனிடம் புள்ளி இல்லை. செபாவிடமும் இல்லை. கணினிக்கு ஈவிரக்கம் ஏது? மண்டபத்திலேயே மிகப் பெரிய ஆட்டக்காரரையும் மிகச் சிறிய ஆட்டக்காரரையும் ஒரே மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

செபா தாளைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. ஐயோ பாவம், பலகை அலுமாரிக்கு மேலே போகப் போகிறது என்று நான் நினைத்தேன். மனுசன் ஓடிப்போய் முகத்தைக் கழுவி, தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கும் இப்படி வந்திருக்கமாட்டார் என்று வெளியிலிருந்து அன்னம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிரணவன் கையை உயர்த்தினார். எதிராளி நின்றுகொண்டே ஆடுகிறார் என்று சங்கடத்தோடு சொன்னார். ஆட்டக்காரர் இருக்கத்தான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. உங்கள் நிழல் பலகையில் விழாதபடி நில்லுங்கள் என்று செபாவிடம் சொன்னேன், அவர் ஒரு எட்டுத் தள்ளி நின்றார். திரும்பவும் கை உயர்ந்தது. இரண்டு தட்டு. இதில் நியாயம் இருந்தது, சத்தம் தொந்தரவுதான். ஒருமுறை தட்டினால் போதும் என்றேன். செபா அடுத்த காயை நகர்த்தி, ஒருமுறை தட்டி, கையைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு அவதிப்பட்டார். முகம் சிவந்து, விரல் துடித்தது. பிரணவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பரவாயில்லை, தட்டட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். தடக் என்று இரண்டாவது தட்டும் விழுந்தது. பஸ் புறப்பட்டது.

ஆட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை, விவரிக்க அதில் ஒன்றுமில்லை. நடுவில் இருவரும் ராணியை வெட்டிக்கொண்டார்கள். பிரணவனுக்கு அது கணக்குத் தீர்த்து ஆட்டத்தைச் சுருக்கும் வழி. செபாவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பட்டம் வாங்கிய ஒருவரின் ராணியைக் கையில் பிடித்த நேரம். பிறகு கோட்டைகள் போயின, குதிரைகள் போயின. கடைசியில் செபாவிடம் ஒற்றை ராசா, பலகையின் ஓரத்தில். சுற்றியிருந்த கட்டங்களையெல்லாம் பிரணவனின் ராசாவும் காலாள்களும் மறித்து நின்றன. அவருடைய இன்னொரு காலாள் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் பின்னால். அது போய் ராணியானால் சரிவுக் கோட்டில் நேரே செபாவின் ராசாவுக்குச் செக், ஓட இடமில்லை, ஆட்டம் முடிந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற முடிவு. நான் மேசையருகே வந்து நின்றேன்.

பிரணவன் காலாளைத் தள்ளினார். ராணிக்காகக் கண் மேசையைத் தேடியது. செபாவின் பக்கத்தில் வெட்டுப்பட்ட காய்கள் கிடந்தன, ராணியைக் காணவில்லை. பிரணவனுக்கு அவசரம், வேனில் கிடந்து களைத்த முகம். கையில் பட்ட வெள்ளைக் கோட்டையைத் தூக்கினார். அதன் அடித்துணி எப்போதோ உரிந்துவிட்டிருந்தது. பாதி உப்பு மேசையில் கொட்ட, மீதியோடு கோட்டையைக் கவிழ்த்துக் கடைசி வரிசையில் வைத்து, ராணி என்று சொல்லி, மணிக்கூட்டை அழுத்தினார். காற்று ஒரு வீச்சு வீசி, கவிழ்ந்த கோட்டையின் மேலே தெரிந்த உப்பை அள்ளி அவருடைய கண்ணிலேயே போட்டது.

பிரணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். செபா பலகையைப் பார்த்து, அருமை சேர், மேட் என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது கோட்டை. ராணி என்று வாயால் சொன்னாலும், கவிழ்த்து வைத்தாலும், மணிக்கூட்டை அழுத்திவிட்டால் கோட்டைதான். கோட்டை நேராகத்தான் போகும், சரிவில் போகாது. ஆகவே செபாவின் ராசாவுக்குச் செக் இல்லை. நகரவும் ஒரு கட்டம் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. செக் இல்லாமல் நகர வழியுமில்லை என்றால் அது ஸ்டேல்மேட். ஆட்டம் அந்த நொடியே சமன். ஆளுக்கு அரைப் புள்ளி.

நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சந்தோசம். பிரணவனுக்கு வெற்றி. செபாவுக்குப் பெரிய ஆளிடம் தோற்ற பெருமை. ஹாஜியாருக்கு விருந்தாளியின் மரியாதை. பிளேன்டீயும் தயார். பேசாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புத்தான், அதைச் சொன்னவர் யாரென்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் என்னைத் தடுத்தது அதுவல்ல. எனக்கு அந்த அரைப் புள்ளி வேண்டும்போல இருந்தது. வெளியே வேம்பின் கீழ் இருந்தவரையும் அலுமாரியையும் சத்தியத்தையும் நினைத்து, உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு தீர்ப்பு நமக்கு இவ்வளவு இனித்தால் அதைச் சந்தேகிக்கவேண்டும். அதனால் மனதுக்குள் இரண்டு பேரையும் கதிரை மாற்றி வைத்துப் பார்த்தேன். கோட்டையைக் கவிழ்த்தது செபாவாக இருந்து, ஒற்றை ராசாவோடு நின்றது பிரணவனாக இருந்தால்? அப்போதும் கோட்டை என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன். சரி, தீர்ப்பு என்னுடையதல்ல, விதியுடையதுதான் என்று நிச்சயமானது. மணிக்கூட்டை நிறுத்தினேன்.

“பிரணவன், நீங்க வைச்சது கோட்டை. ஆட்டம் சமன்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. செபாவுக்கு விளங்கியபோது அவர்தான் முதலில் மறுத்தார். அது ராணிதானே, நாங்கள் எல்லோரும் வீட்டில் இப்படித்தானே வைக்கிறோம், சேர் சுத்தமாக வென்றுவிட்டார் என்று என்னிடம் வாதாடினார். தான் தோற்றதை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். கை கொடுக்குமுன்பே ஆட்டம் முடிந்துவிட்டது, முடிந்த ஆட்டத்தில் தோற்க முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு காலமும் தோற்றவரை அன்று தோற்க விடமாட்டேன் என்கிறேன், அதற்கு என்மேல் வருத்தம்.

அதற்குள் ஹாஜியார் வந்துவிட்டார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார், நான் அசையவில்லை.

“டீச்சர், மனுசன் கொழும்பிலேந்து வந்திரிக்கிறாரு. ராணிய எடுத்துக் குடுத்தா முடிஞ்சி போற வேல இது.”

மணிக்கூட்டை அழுத்துமுன் கையை உயர்த்தியிருந்தால் நானே கொடுத்திருப்பேன், இப்போது கொடுத்தால் அது ராணி அல்ல, வெற்றி என்று சொன்னேன். ஹாஜியார் என் அறிவித்தலைப் பிரணவன் கேட்கவில்லையே, அந்த நேரம் வேனில்தானே இருந்தார் என்றார். நல்ல கேள்வி. ஆனால் அது கற்பிட்டிக்கு மட்டும் நான் போட்ட சட்டமல்ல. உலகத்தில் எந்த மண்டபத்திலும் கோட்டை கோட்டைதான்.

அப்போதுதான் பிரணவன் தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது, உப்பினால்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ராணி எங்கே போனது? வெட்டுப்பட்ட ராணி எதிராளியின் பக்கம்தானே இருக்கவேண்டும்?

எல்லோரும் மேசையைப் பார்த்தோம். ஹாஜியார் குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார். செபாவும் எங்களோடு சேர்ந்து தேடினார். தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. வெள்ளை ராணி வெளியே வந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஹாஜியாரின் முகம் கறுத்தது. ராணியை ஒளித்து வைத்திருந்தால் அது வேறு கதை, அரைப் புள்ளி மட்டுமல்ல, செபாவின் பெயரே போய்விடும். பிள்ளைகளே, சிரிப்பலைக்கு நடுவில் ஒரு மனுசனின் மானம் நம் கையில் வந்து விழுவது இப்படித்தான். அவரிடம் நேராகக் கேட்டேன்.

“எப்ப வைச்சீங்க?”

“வெட்டின உடன டீச்சர். எனக்கே தெரியாது. பெரிய நோட்டு எண்டா மேல் பையிக்குள்ளதான் கை போகும்.”

அவர் இடது கையை விரித்துக் காட்டினார். விரல்களுக்கு நடுவே, பஸ்ஸில் சில்லறைத் தாள்களை மடித்துச் செருகுகிற அதே இடங்களில், வெட்டிய இரண்டு காலாள்கள் இன்னும் இருந்தன. சில்லறை விரலில், பெரியது பையில். கோட்டையும் குதிரையும் விரலுக்குள் அடங்காததால் மேசையில் கிடந்தன. பொய் சொல்ல அந்தக் கைக்கு நேரம் இருந்திருக்காது. பழக்கத்தில் செய்தது என்று தீர்மானித்தேன். காயைப் பையில் போடக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்க அவரை எச்சரித்தேன், அது என் கடமை.

பிறகு பிரணவன் பக்கம் திரும்பி, என் மேசையைச் சுட்டிக் காட்டினேன். தாள்களின் மேல் ராணிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், காற்றுக்கு அசையாமல், வயிறு நிறைய உப்போடு. கையை உயர்த்தியிருந்தால் அவர்களில் ஒருத்தி வந்திருப்பாள் என்றேன். நிற்பதற்கும் தட்டுவதற்கும் கை உயர்த்தியவர், ராணிக்குமட்டும் உயர்த்தவில்லை. தீர்ப்புப் பிடிக்கவில்லையென்றால் எழுத்தில் மேன்முறையீடு தரலாம், நானே பேனை தருகிறேன் என்றும் சொன்னேன்.

பிரணவன் ராணிகளைப் பார்த்தார். கவிழ்ந்த கோட்டையைப் பார்த்தார். விரலில் ஒட்டிய உப்பைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைப்போல நக்கினார்.

“எனக்கு இந்த விதி தெரியும் டீச்சர். ஸ்கூல் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் குடுக்கிறது.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த மீதிக் காய்களும் விழுந்தன. கச்சானுக்கு விழாத காய்கள். பேனையை வாங்கி முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். செபாவின் கையைப் பிடித்து, அண்ணே, உங்களுக்குத்தான் இது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று குலுக்கினார். பெரிய ஆட்டக்காரர் என்று சும்மா சொல்லவில்லை, அன்றிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளைமேல் தனி மரியாதை. ஹாஜியார் மட்டும் கோட்டையை நிமிர்த்தி எடுத்து, அடுத்த வருடம் உப்புக்கு மேல் மெழுகு ஊற்றி அடைக்கவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். அவர் அப்போதும் உப்பைக் கைவிடவில்லை.

செபாவுக்குத்தான் நிம்மதி இல்லை. வென்றதுபோலவும் இல்லை, தோற்றதுபோலவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்தப் புள்ளியை எப்படி வீட்டில் சொல்வது, கோட்டை கவிழ்ந்து கிடைத்தது என்றா சொல்வது என்று என் பின்னாலேயே வந்தார். உண்மையை அப்படியே சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வேம்படிக்குப் போனேன்.

அன்னம்மா சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். செபா எல்லாவற்றையும் சொன்னார். ராணி பையிலிருந்ததை ஒளிக்கவில்லை. உப்பைச் சொன்னார். தான் வேண்டாம் என்று சொன்னதையும் டீச்சர்தான் விடவில்லை என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தலை குனிந்துகொண்டே போனது. அன்னம்மாவுக்கு அதில் பாதி விளங்கவில்லை. அவர் புருசனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், எதிர்ல ஆள் இருந்திச்சா?”

“ஓம் அன்னம்மா. இந்த மண்டபத்திலேயே பெரிய ஆள் இருந்தாரு.”

அன்னம்மா எட்டி அரைச்சுவருக்கு மேலால் பார்த்தார். பிரணவன் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றார். அவரைக் கொஞ்ச நேரம், மீன்காரர் கொண்டுவந்த மீனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெரிய சட்டியைத் தூக்கிப் புருசனின் கையில் கொடுத்தார்.

“அப்ப அடுத்த சனிக்கிழமையும் நான்தான் சோறு கட்டோணும்.”

செபா சட்டியோடு அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அரைச்சுவரைத் தடக் தடக் என்று இரண்டு தரம் தட்டினார். தீர்ப்புச் சொல்லி முடிந்துவிட்டது, நானும் அப்போதுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.